இரண்டு பாட்டுக்கு ஒரு பாடம்

பிரபு,

சனிக்கிழமைக்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். தபாலை நம்ப மனம் வரவில்லை. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் நாளைக் காலை மைசூர் வண்டியில் வேலைக்கு ஏறுகிறார். உன் பயிற்சி விடுதிக்கே வந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். செவ்வாய்க்கிழமை சொல்லத்தான் பார்த்தேன். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அதற்குப் பல பதில்கள் வைத்திருந்தாய். எல்லாம் நியாயமான பதில்கள். நியாயம் பேசுகிறவனிடம் பயத்தைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எழுத உட்கார்ந்த பிறகும் ஒரு பயம். விடுதியில் ஓர் அறைக்கு எத்தனை பேரோ. மேஜைமேல் இதைப் போட்டுவிட்டு நீ குளிக்கப் போவாய், யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். அதனால் அந்தப் பெண்ணின் உண்மைப் பெயரை எழுதவில்லை. கலா என்று வைத்துக்கொள். அவள் அம்மாவைச் சரோஜா என்று வைத்துக்கொள். உனக்குத் தெரிந்ததையும் ஆரம்பத்திலிருந்தே சொல்லப் போகிறேன், சலித்துக்கொள்ளாதே. நீ செய்ததை நீ உள்ளேயிருந்து பார்த்தாய். நான் ஸ்ரீராம்புரத்தில் அவர்கள் வீட்டுச் சந்தில் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கிருந்து அது வேறு மாதிரித் தெரிகிறது.

உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பாதி வீடுகளில் புத்தகத்தை விரித்துவைக்க இடமே கிடையாது. ஆனால் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அப்பாவிடமோ அண்ணனிடமோ ஒரு போன் உண்டு, அதில் பாட்டுக் கேட்க ஒரு மெமரி கார்டும் உண்டு. இதைக் கண்டுபிடித்த அன்று நீ பையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்று, "ம்மா, எல்லார்கிட்டயும் கார்டு இருக்கும்மா! பாடத்த அதுல ஏத்திட்டா?" என்றாய். மறுநாளே பாஷா பாய் கடைக்குப் போய்விட்டாய். போனுக்கு ரீசார்ஜ் செய்வதும், கார்டில் புதுப் பாட்டு ஏற்றிக்கொடுப்பதும்தான் அவருடைய தொழில். வெறும் பாடத்தை எவனும் வாங்க மாட்டான் என்று அவர்தான் உனக்கு வழி சொன்னார். "கசாயத்துக்கு வெல்லம் வேணும்ல சார்? ரெண்டு பாட்டு, நடுவுல ஒரு பாடம், அப்புறம் ரெண்டு பாட்டு. கேக்கறவன் கை பட்டனுக்குப் போறதுக்குள்ள உங்க சயின்ஸு பாதி ஓடிடும்." இதை நீ வீட்டில் வந்து அவரைப் போலவே கையை ஆட்டிச் சொல்லிக்காட்டினாய். அப்பாவின் கார்டிலும் ஏற்றிவிட்டாய். ஒரு நாள் அப்பா வேலையிலிருந்து திரும்பி வந்து, "பார்சல் ஆபீஸ் வரைக்கும் தொரத்திகினு வர்றான் உம் புள்ள. பாட்டு கேக்கலாம்னு காதுல மாட்டுனா அமிலம் காரம்ன்றான். நான் எட்டாவதோட தப்பிச்சு ஓடியாந்தவன்டி" என்றார். அந்த ராத்திரிச் சாப்பாட்டில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகம் போட்டுக்கொண்டார். அது பெருமை. அவருக்கு அதை வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

ஆனால் பிள்ளைகள் உன் குரல் வந்ததும் பட்டனை அழுத்தி அடுத்த பாட்டுக்குத் தாண்டிப் போய்விட்டார்கள். நீ நல்ல வாத்தியார், எதிரே ஒரு முகம் இருந்தால்தான் உன் குரலுக்கு உயிர் வரும். மெஷினைப் பார்த்துப் பேசச் சொன்னால் ரயில் நிலையத்து அறிவிப்புப் போல ஆகிவிடுகிறது. அதனால்தான் உன் பத்தாம் வகுப்புப் பெண் கலாவைப் படிக்கச் சொன்னாய். உன் பழைய போனை அவளிடம் கொடுத்து, வீட்டில் நிதானமாகப் பேசிப் பதிவு செய்துகொண்டு வா என்றாய். அவள் செய்துகொண்டு வந்தது ஒளிச்சேர்க்கைப் பாடம். அடுத்த வீட்டில் நடந்த சங்கதியைச் சொல்வதுபோல இலையைப் பற்றிச் சொன்னாள். "பாவம் அந்த இலை, ராத்திரில அதுக்கு அடுப்பு எரியாது" என்று புத்தகத்தில் இல்லாததையெல்லாம் சேர்த்திருந்தாள். அந்தப் பாடத்தை யாரும் தாண்டிப் போகவில்லை. பாட்டை விட்டுவிட்டு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்று நீ சொன்னாய்.

நானும் கேட்டேன், பிரபு. உன்னை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. லைப்ரரியில் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டே காதில் வைத்துக் கேட்டேன். அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம் வந்தது. இரண்டு பெண்கள் பேசிச் சிரித்தார்கள். ஒரு வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெண் படிக்கிறாள் என்று நினைக்க எனக்கு நன்றாக இருந்தது. அந்தச் சிரிப்பில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் காதைக் கூர்மையாக்கவில்லை. நீயும் செய்யவில்லை. நாம் இரண்டு பேரும் பாடத்தைக் கேட்டோம். அந்த இரண்டு பெண்களின் பேச்சையும் வெறும் சத்தமாகவே எடுத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து விளக்குப் போடுகிற நேரத்தில் கலா வந்தாள். ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒக்கலிபுரத்தில் நம் வீடு வரை நடந்தே வந்திருக்கிறாள். யூனிபார்ம் இல்லை, சாதாரணப் பாவாடை சட்டை. "சார் இல்லீங்களாம்மா?" என்றாள். நீ மைசூருக்குப் போயிருப்பது அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் வந்தாள் என்று நினைக்கிறேன். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த உன் போனை நீட்டினாள். "இத குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். பேட்டரி நிக்காதுன்னாரு சாரு. நல்லாத்தான் நின்னுச்சு." உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படிக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றாள். தோசை வார்த்துக் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தாள். இரண்டாவது தோசையில்தான் பேச்சு வந்தது.

அவள் சொன்னபடியே சொல்கிறேன். "எங்கம்மா சமையலுக்குப் போற வீட்ல டிரைவரு எங்க ஏரியா அண்ணன்தான். பாஷா பாய்கிட்ட ஏத்தினு போயி வண்டில போட்டு கேக்கும். மேடம் பின்னாடி ஒக்காந்துனு இருந்தாங்களாம். ரெண்டு பாட்டு போச்சு. அப்புறம் நான் வந்தேன்." அந்த இடத்தில் கொஞ்சம் சிரித்தாள். "மாத்துப்பான்னு சொல்லலியாம். நல்லா படிக்குதே யாரு இந்தப் பொண்ணுன்னு கேட்டு, சவுண்டு வைக்கச் சொன்னாங்களாம். சவுண்டு வச்சதுல எங்கம்மா பேச்சும் நல்லா கேட்டுடுச்சு."

அந்த வீட்டுக்காரர்களும் தமிழர்கள்தான். மல்லேஸ்வரம் பக்கம். சரோஜா நான்கு வருடமாக அங்கே சமைக்கிறாள். கலாவின் பாடத்துக்குப் பின்னணியில், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவள் சிரித்துக்கொண்டே சொல்வது இதுதான். தன் பெயரை மாற்றி, தன் சாதிசனத்தையும் வேறு சாதிசனமாகச் சொல்லித்தான் அந்தச் சமையலறைக்குள் நுழைந்தாள். இப்போது சாமி அறையில் விளக்கேற்றுவதுகூட அவள்தான். என்ன சொல்லிச் சேர்ந்தாள் என்பதை நான் இங்கே எழுத மாட்டேன். அவள் உண்மையில் யார் என்பதையும் எழுத மாட்டேன். எழுதாவிட்டாலும் உனக்குத் தெரியும். அந்த வீட்டு அம்மாளுக்கும் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து வேலை இல்லை.

"இனிமே நான் அகர்பத்தி கம்பெனிக்குப் போறேன்மா. எங்க அக்கா கூட படிச்சவங்க அங்க இருக்காங்க" என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். தட்டைக் கழுவி வைத்தாள், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகு திரும்பி, "சார்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. பரீட்ச லிஸ்ட்லேர்ந்து என் பேர எடுத்துட வேணாம்னு. ஹால் டிக்கெட் வந்துச்சுன்னா சும்னே, சும்மா இருக்கட்டும்" என்றாள். அதன் பிறகு என்னால் எந்த வேலையிலும் நிலைகொள்ள முடியவில்லை. நேற்று ஒரே புத்தகத்துக்கு இரண்டு எண் ஒட்டிவிட்டேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று எனக்கு நீ சொல்லத் தேவையில்லை. இந்தச் சமயத்தில் ஒரு பெண் பெஞ்சிலிருந்து எழுந்து போனால், அடுத்த வருடம் வந்து உட்கார்ந்ததாக நான் பார்த்ததில்லை.

இதைத்தான் செவ்வாய்க்கிழமை உனக்குச் சொன்னேன். அதற்கு நீ பேசியதை அப்பாகூடக் கேட்டார், அவ்வளவு சத்தம். "இது பாடம் இல்லம்மா, எவிடன்ஸ். சனிக்கிழமை ட்ரெய்னிங் கடைசி நாள், என்னோட டெமோ இருக்கு. ஹால் முழுக்க வாத்தியாருங்க, பேப்பர்காரங்க வர்றாங்க. இந்த ஃபைலத்தான் போடப்போறேன். ஒரு பொண்ணு ஒளிச்சேர்க்கை படிச்சதுக்கு அவங்கம்மாவுக்கு வேலை போயிருக்குன்னு எல்லாரும் கேக்கட்டும்." நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த வீட்டு அம்மாள் செய்தது சரி என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நீ கோபப்படாமல் இருந்திருந்தால்தான் நான் வருத்தப்பட்டிருப்பேன். ஆனால் தெரியாமல் ஒரு முறை ஊர் கேட்டதை, இந்த முறை தெரிந்தே கேட்கவைக்கப் போகிறாய்.

உனக்கு ஆறு வயதாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு நினைவிருக்காது. ஆற்றுத் தண்ணீர்ச் சண்டையில் இந்தக் கன்னட ஊரில் தமிழ்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த வருடம். நாம் சிவாஜிநகரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கையில் வாடகைக்கு எடுத்த ஒரு தமிழ்ப் புத்தகம், அதற்குக் கன்னடப் பேப்பரில் அட்டை போட்டிருந்தேன். கண்டக்டரிடம் கன்னடத்தில் பேசினேன். பொட்டின் வடிவத்தைக்கூட அன்று மாற்றி வைத்திருந்தேன், அதனால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேனோ தெரியாது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கமாகச் சில பையன்கள் ஏறிச் சத்தமாகக் கோஷம் போட்டார்கள். நீ ஜன்னல் வழியாக எதையோ பார்த்துவிட்டு, உன் முழுக் குரலில், "அம்மா, நம்ம எடம் வந்துடுச்சா?" என்று ஆரம்பித்தாய். உன் வாயைப் பொத்தினேன். நீ என் உள்ளங்கையைக் கடித்துவிட்டாய். நான் கத்தவில்லை. கத்தினால் எந்த மொழியில் கத்துவேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

பக்கத்தில் ஒரு கன்னடத்து அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பூக்கூடை. அவள் என் கையையும் பார்த்தாள், உன்னையும் பார்த்தாள். பேப்பர் அட்டை விலகித் தமிழ் எழுத்துத் தெரிந்த என் புத்தகத்தையும் பார்த்தாள். கூடையைக் கொஞ்சம் நகர்த்தி அந்தப் புத்தகத்தின்மேல் வைத்துக்கொண்டாள். இறங்கும்வரை வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டதுதான் அவள் எனக்குச் செய்த உபகாரம். அன்றைக்கு நியாயம் தெரிந்த ஒருவர் எழுந்து, இந்தப் பெண் ஏன் தன் மொழியை மறைக்க வேண்டும், இது என்ன அநியாயம் என்று பஸ்ஸில் எல்லோரையும் கேட்டிருக்கலாம். ரொம்ப நியாயமான கேள்வி. ஆனால் நானும் நீயும் அந்தப் பஸ்ஸிலிருந்து எப்படி இறங்கியிருப்போம்? சரோஜா சொன்னதைப் பொய் என்று நான் நினைக்காததற்கு இதுதான் காரணம். தினமும் ஏறி இறங்க வேண்டிய பஸ் அவளுடையது.

புதன்கிழமை லைப்ரரிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு முதலில் பாஷா பாயிடம் போனேன். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது, முகத்தில் ஈயாடவில்லை. "அல்லா மேல சத்தியமா அம்மா, நான் பொம்பளைங்க பேச்ச கேக்கவே இல்ல. ஃபைலு ஓடுதான்னு ஆரம்பத்துல ஒரு வாட்டி பாப்பேன், அவ்ளோதான். ரொம்ப பேஜாராயிடுச்சு." எல்லாக் கார்டிலிருந்தும் அழித்துவிட முடியுமா என்று கேட்டேன். "எங்கேந்து அழிக்க? நான் ஒருத்தன் கார்டுல போட்டா, அவன் பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள ப்ளூடூத்துல நாலு பேருக்கு வுட்டுடறான். உங்க புள்ளைக்கு அதான குஷி, பாடம் பரவுது பரவுதுன்னு." லைப்ரரியில் இத்தனை வருடமாக நான் கொடுத்த ஒவ்வொன்றும் திரும்பி வந்திருக்கிறது. கிழிந்து, கறை பட்டு, தாமதமாக. ஆனால் வந்திருக்கிறது. வராவிட்டால் யாரிடம் போய் நிற்பது என்று எனக்குத் தெரியும். நீ கொடுப்பது உன்னிடமும் அப்படியே இருக்கிறது, ஊரெல்லாமும் போய்விடுகிறது. யார் வீட்டில் போய்த் திரும்பக் கேட்பாய்? வகுப்பறைக்கு ஒரு கதவாவது இருந்தது, பிரபு.

பாஷா பாய் ஒரு வழி சொன்னார். "அதே பேருல வேற ஃபைலு குடுங்க. பாட்டு ஏத்த வர்றவனுக்கெல்லாம் பழசு மேல புதுசப் போட்டு வுட்டுடறேன். ஒரேடியா போவாது. ஸ்வல்ப ஸ்வல்பமா போவும்." அதாவது அதே பாடத்தை மறுபடி பேச வேண்டும். கலாவைக் கேட்க எனக்கு வாய் வராது. நீயே பேசு. உன் அறிவிப்புக் குரலிலேயே பேசு. யாரும் கேட்க மாட்டார்கள், தாண்டிப் போவார்கள். போகட்டும், இந்த ஒரு பாடத்தை யாரும் கேட்காமல் இருப்பதுதான் இப்போது நல்லது. விடுதி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு பேசு. பேசி முடித்ததும் உன் குரலை விட்டுவிட்டு, பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கேள். இனி எதை யாருக்குக் கொடுத்தாலும் அப்படிக் கேட்டுவிட்டுக் கொடு. புத்திமதி என்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் பயம்.

அங்கிருந்து சரோஜா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் எழுந்திருக்கவில்லை. "ஓ, சாரப் பெத்தவங்களா? வாங்க வாங்க. பையில மிசினு கிசினு எதனா இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நல்ல பொடவ கட்டினு வந்து பேசறேன்." பையைத் திறந்து காட்டினேன். குடையும் சாப்பாட்டு டப்பாவும்தான் இருந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் சாக்கைத் தட்டிப் போட்டாள். உட்கார்ந்தேன். நானும் ஒரு கட்டுக் கீரையை எடுத்துக்கொண்டேன்.

"வேல போனது போட்டும்மா" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "சமைக்கறவளுக்கு வீடா இல்ல? மறுநாள் காலைல என் டப்பா, செருப்பு எடுத்துக்கலாம்னு போனேன். பாத்திரம் மொத்தத்தையும் பின்னாடி வெயில்ல எடுத்துப் போட்டு, புளி போட்டுத் தேய்ச்சுகினு இருந்தாங்க. நாலு வருசம் நான் சமைச்ச பாத்திரம். அந்த அம்மா பேத்திக்கு முத மொத பருப்பு சோறு கொழச்ச கிண்ணி கூட இருந்துச்சு அதுல." கண்ணைத் துடைக்கவில்லை. கீரையில் ஒரு புழு இருந்தது, அதை எடுத்து வெளியே விட்டாள். "உங்க புள்ளைய நான் திட்டல. எம் பொண்ணுக்கு அவர்னா உசுரு. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? 'யக்கா, கலா பேசறத ஊருக்கெல்லாம் போடப்போறோம், வாய மூடினு இரு'ன்னு. நான் மூடினு இருப்பேனே! அந்தக் குட்டியும் எதுவோ ஓம்வொர்க்குன்னுதான் சொல்லிச்சு."

நீ சனிக்கிழமை செய்யப் போவதை அவளிடம் சொன்னேன். மறைக்கக் கூடாது என்று தோன்றியது. அவள் கை நின்றுவிட்டது. "பேப்பர்லயா?" என்றாள். பிறகு சொன்னாள்: "ராஜாஜிநகர்ல இன்னொரு வீட்ல பேசியிருக்கேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க. அங்க நான் யாருன்னு சொல்லப்போறேன்றத உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன், என் நெழல்கிட்டயும் சொல்ல மாட்டேன். பேப்பர்ல வந்துச்சுன்னா அந்தக் கதவும் மூடிக்கும். அப்புறம் இவ அகர்பத்தி உருட்டறது உருட்டறதுதான்." எழுந்து முறத்தை உள்ளே வைத்துவிட்டு வந்து, நின்றபடியே கேட்டாள். "அந்த அம்மாவ நான் கேக்கறப்ப கேட்டுக்கறேன். அது என் கணக்கு. சாருக்கு எது வேணும்னு கேட்டுச் சொல்லுங்க. எம் பொண்ணு பரீட்ச எழுதணுமா, அந்த அம்மா தல குனியணுமா? ரெண்டும் வேணும்னு சொல்ல வேணாம். ரெண்டுல ஒண்ணு."

கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே கலா நின்றுகொண்டிருந்தாள். கதவு மறைவில் அவள் கால் மட்டும் தெரிந்தது, ஒரு காலின்மேல் இன்னொரு கால். "பரீட்சைதான்" என்று சொல்லிவிட்டேன். சரோஜா என்னை விடவில்லை. "இது சார் சொல்றாரா, நீங்க சொல்றீங்களா?" என்றாள். "நான் சொல்றேன். அவனும் அதத்தான் சொல்வான்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப சனிக்கிழம கழியட்டும். பேப்பர்ல ஒண்ணும் வரலன்னா திங்கக்கிழம இவள ஸ்கூலுக்கு அனுப்பறேன்." கதவுக்குப் பின்னாலிருந்த கால் உள்ளே போய்விட்டது.

உன்னைக் கேட்காமல் உன் வாயால் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், பிரபு. நீ செய்ததையே நானும் செய்திருக்கிறேன், தெரிகிறது. அதனால்தான் இத்தனை பக்கம். நான் சொன்னது உன் பதில் இல்லை என்றால், நாளை ராத்திரிக்குள் போன் செய். நான் மறுபடி அந்த வாசலுக்குப் போய், என் பிள்ளையின் மனம் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரியாமல் அந்தப் பதிவு அந்த அரங்கில் ஒலிக்கக் கூடாது. உன் கோபத்தை விட்டுவிடு என்று நான் கேட்கவில்லை. வைத்துக்கொள். சரோஜா அந்த அம்மாளைக் கேட்கிற நாள் வந்து, பக்கத்தில் ஆள் வேண்டும் என்று உன்னைக் கூப்பிட்டால், நீ போ. நானும் வருகிறேன்.

நான் சொன்னதுதான் உன் பதிலும் என்றால் போன் செய்ய வேண்டாம். சனிக்கிழமை வேறு எதையாவது போட்டுக் காட்டு. அதில் பாராட்டு குறைந்தால் குறையட்டும். நான் அன்று முழுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அது அடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருப்பேன். திங்கட்கிழமை வகுப்பில் பேர் கூப்பிடும்போது கலாவின் பேரில் நிற்காதே, அவளைப் பார்க்காதே, மற்றவர்களைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போ. "பிரசென்ட் சார்" என்று குரல் வந்ததா என்பதை மட்டும் சாயங்காலம் வந்து எனக்குச் சொல்.

உன் அம்மா